சக்குபந்தியில் ஒரு சோடா கம்பெனி!

செமஸ்டர் லீவுக்கு என்ன ப்ளான்? தூக்கம், கிரிக்கெட், மறுபடியும் தூக்கம்... அதானே? நடுவுல ரெண்டே ரெண்டு நாள் ஒதுக்கிக் கொடுங்க. உங்களுக்கு ஒரு துப்பறியும் வேலை இருக்கு. காணாமல் போனது ஒரு கடை. கடைசியா மிச்சம் இருக்கிற சாட்சி, ஒரு பழைய வீடு.

'பழைய வீடுன்னா அரண்மனை ரேஞ்சுக்கு இருக்கணுமா?'னு பயப்படாதீங்க பாஸ். உங்க பாட்டி வீடே போதும். ஆனா, எப்படித் துப்பறியறதுன்னு பழகிக்க ஒரு நல்ல ஊர் வேணும். நான் எடுத்துக்கிட்ட ஊர், காரைக்குடி. சினிமாக்காரங்களுக்கு அது ஷூட்டிங் ஸ்பாட். நமக்கு அது ஒரு பெரிய கணக்குப் புத்தகம்!

வீடு இங்கே... கடை எங்கே?

செட்டிநாட்டு வீட்டு வாசல்ல நின்னா முதல்ல தோணுற கேள்வி, 'இவ்வளவு பணம் எங்கேருந்து வந்துச்சு?' இந்த வறண்ட பூமியில அவ்வளவு விளைச்சல் கிடையாது. பதில், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கு. பர்மா, மலேயா, இலங்கை, சைகோன்னு போய் நகரத்தார் வட்டிக்கடை நடத்தினாங்க. வீடு காரைக்குடிப் பக்கம், கடை ரங்கூன்ல!

இந்தத் தொடர்பு எவ்வளவு நெருக்கம்னு தெரியணுமா? இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் 1937 பிப்ரவரி 10-ம் தேதி தொடங்கினப்போ, ஒரே நாள்ல மூணு ஊர்ல கிளை திறந்தாங்க. சென்னை, ரங்கூன், அப்புறம் நம்ம காரைக்குடி!

அந்தச் சமயத்துல பர்மாவுல நிலைமை மாறிக்கிட்டு இருந்துச்சு. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில நெல் விலை சரிய, கடன் வாங்கின பர்மிய விவசாயிகளால திருப்பிக் கட்ட முடியலை. அடமானம் வெச்ச நிலமெல்லாம் செட்டியார் கடைகளுக்கு வந்துச்சு. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள்ல 1930-ல் சுமார் 6 சதவிகிதமா இருந்த அவங்க நிலம், 1930-களின் கடைசியில சுமார் 25 சதவிகிதம் ஆகிடுச்சு. நிலத்தை இழந்தவங்க கோபம் ஒரு பக்கம். 1942-ல் ஜப்பான் படை உள்ளே வந்தது இன்னொரு பக்கம். இந்தியர்கள் லட்சக்கணக்குல கிளம்பினாங்க. பலபேர் காடு, மலை வழியா நடந்தே வந்தாங்க. வர்ற வழியிலேயே செத்தவங்க ஏராளம். 1948-ல் பர்மா சுதந்திரம் அடைஞ்சதும் நிலச் சட்டம் வந்துச்சு. 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த ரெண்டு வருஷத்துல கடைகளும் அரசுடைமை ஆச்சு. கடை போயாச்சு, வீடு மட்டும் நிக்குது.

இந்தக் கதையை எந்த வீட்டு வாசல்லயும் போர்டு போட்டு எழுதி வைக்கலை. நாமதான் படிக்கணும்.

வீட்டைப் படிங்க!

வீட்டுக்காரங்ககிட்ட பர்மிஷன் கேட்டுட்டு உள்ளே போங்க. முதல் வேலை, எங்கெல்லாம் எழுத்து இருக்குன்னு பாக்கறது.

வாசல் நிலைக்கு மேல சில இனிஷியல்கள் இருக்கலாம். அதுதான் 'விலாசம்'. தாத்தா, அப்பா, மகன்னு பேர்களோட முதல் எழுத்தைக் கோத்து வெச்ச கம்பெனிப் பேர். இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்கை ஆரம்பிச்ச சிதம்பரம் செட்டியாருக்கு முன்னால வர்ற 'எம்.சிடி.எம்.' அந்த வகைதான். விலாசம் கிடைச்சா, பாதி கேஸ் முடிஞ்ச மாதிரி.

கூரையிலிருந்து இறக்கி வெச்ச மங்களூர் ஓடு கொல்லையில கிடக்கா? திருப்பிப் பாருங்க. தயாரிச்ச கம்பெனிப் பேரு அச்சடிச்சிருக்கும். மங்களூர்ல பாசல் மிஷன் ஓட்டு ஃபேக்டரி தொடங்கினது 1865-ல். ஸோ, அந்த முத்திரை இருந்தா ஓட்டுக்கு வயசு அதுக்குள்ளதான். இரும்பு உத்திரத்துல டாடா முத்திரையா? ஜாம்ஷெட்பூர்ல ஸ்டீல் வந்ததே 1912-ல்தான். இங்கிலாந்துக் கம்பெனி 'டார்மன் லாங்' பேரு இருந்தா, கப்பல்ல வந்த சரக்கு. சமையல்கட்டுல இருக்கிற எனாமல் பாத்திரத்துக்கு அடியில 'செக்கோஸ்லோவாகியா'னு இருக்கா? அப்படி ஒரு நாடு உருவானது 1918-ல். 1992 முடிஞ்சதும் அது ரெண்டாப் பிரிஞ்சு போச்சு. பாத்திரம் அதுக்கு நடுவுல எப்பவோ செஞ்சது.

ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய உத்திரத்தைப் புது வீட்டுக்குப் போட்டிருக்கலாம், பழைய வீட்டுக்குப் புது ஓடும் மாத்தியிருக்கலாம். ஒரு ரீடிங்கை மட்டும் வெச்சு கிராஃப் போட மாட்டோம்ல? அதே ரூல்தான் இங்கேயும். மூணு சாட்சியாவது ஒத்துப்போகணும்.

காகிதத்தைப் படிங்க!

பரண்ல ஒரு பழைய பில் கிடைக்குது. தேதி இருந்த மூலையை எலி தின்னுடுச்சு. என்ன பண்ணுவீங்க? இதோ உங்களுக்காக ஒரு குட்டி பிட் பேப்பர்...

* ரூபாய், அணா, பைசாவுல கணக்கா? 1957 ஏப்ரலுக்கு முந்தினதா இருக்கும். 'நயா பைசா'ன்னா 1957-லேருந்து 1964-க்குள்ளே.

* முகவரியில பின்கோடு இருக்கா? 1972 ஆகஸ்ட் 15-க்கு அப்புறம்.

* காரைக்குடி கடை, ஆனா 'இராமநாதபுரம் ஜில்லா'னு போட்டிருக்கா? அந்த ஜில்லா பிறந்தது 1910-ல். 1985-ல் அதைப் பிரிச்சதும் காரைக்குடி இன்றைய சிவகங்கை மாவட்டப் பக்கம் போயிடுச்சு.

* கவர்ல இந்திய ஸ்டாம்ப் மேலேயே 'பர்மா'னு அச்சடிச்சிருக்கா? 1937 ஏப்ரல்ல பர்மா இந்தியாவை விட்டுத் தனியாப் பிரிஞ்சதும் வந்த ஸ்டாம்ப் அது.

* கடை போர்டுல 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை வெச்ச பழைய எழுத்தா? 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால எழுதினதா இருக்க சான்ஸ் அதிகம்.

* லெட்டர்பேடுல 'தந்தி விலாசம்'னு ஒரு வார்த்தை இருக்கா? விட்டுடாதீங்க. தந்தி சேவை 2013 ஜூலையில நின்னுபோச்சு. ஆனா அந்தக் கடைக்கு ஊர் தாண்டி வியாபாரம் இருந்துச்சுங்கறதுக்கு அந்த ஒரு வார்த்தை சாட்சி.

பக்கத்து வீடு பேசும்!

அடுத்த ஸ்டாப், சார்பதிவாளர் அலுவலகம். 'ஐயோ, கவர்மென்ட் ஆபீஸா?'னு ஓடாதீங்க. 1908-ம் வருஷப் பதிவுச் சட்டம், பிரிவு 57 நம்ம பக்கம் இருக்கு. அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகிற ஒண்ணாம் புத்தகத்தை, கட்டணம் கட்டி யார் வேணும்னாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். வில்லங்கச் சான்றிதழ் போட்டா, வீடு யார் கையிலேருந்து யார் கைக்கு மாறுச்சு, எப்போ அடமானம் வெச்சாங்கன்னு வரிசையா வரும். சமீப வருஷங்களுக்கு ஆன்லைன்லயே பார்க்கலாம். ரொம்பப் பழசுக்கு மனு போட்டுத் தேடச் சொல்லணும்.

பத்திரத்துல நான் சொல்லப்போற விஷயத்தை மட்டும் மிஸ் பண்ணாதீங்க. கடைசிப் பக்கத்துல 'சக்குபந்தி' இருக்கும். அதாவது, சொத்துக்கு நாலு பக்கமும் என்ன இருக்குங்கற விவரம். உதாரணத்துக்கு, 'இன்னார் சோடா கம்பெனிக்கு மேற்கு, இன்னார் எண்ணெய்ச் செக்குக்கு வடக்கு'னு எழுதியிருப்பாங்க. உங்க வீட்டுப் பத்திரம், பக்கத்துக் கடைக்கு சர்ட்டிஃபிகேட் கொடுக்குது! அந்தக் கடைக்காரர் வாடகைக்கு இருந்தவரா இருந்தா, அவர் பேருல ஒரு பத்திரமும் இருக்காது. ஆனா அடுத்த வீட்டுச் சக்குபந்தியில அவர் உயிரோட இருப்பார். ஒரு தெருவுல நாலு பத்திரம் கிடைச்சாப் போதும், 1940-ல் அந்தத் தெரு எப்படி இருந்துச்சுன்னு மேப்பே போட்டுடலாம். இன்ஜினீயரிங் டிராயிங்ல வாங்கின அரியருக்கு ஒரு பிராயச்சித்தமா இருக்கட்டும்!

மேப்புல காலி இடம் இருந்தா, கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூடப் பொன்விழா மலர் தேடுங்க. கட்டுரைகளைத் தள்ளிட்டு, கடைசியில இருக்கிற விளம்பரங்களைப் பாருங்க. நன்கொடை கொடுத்த கடைங்க வரிசையா நிக்கும்.

எடைக்குப் போட்டாச்சு!

இவ்வளவு உற்சாகமா சொல்றேனே... ஒரு வருத்தமான மேட்டரும் இருக்கு. காரைக்குடி பக்கத்துக் கிராமத்துல ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எண்பது வயசைத் தாண்டின ஆச்சி, மோர் கொடுத்து உட்கார வெச்சாங்க. "ஆச்சி, பழைய பேரேடு, ஐந்தொகை, கடுதாசி ஏதாவது இருக்கா?"னு கேட்டேன்.

"எங்க மாமனார் ரங்கூன்ல எழுதின பேரேடெல்லாம் மேல ரூமு நெறையக் கெடந்துச்சு தம்பி. கரையான் புடிச்சு, போன வருசம் எடைக்குப் போட்டாச்சு. தூணு குடுப்பீகளான்னு கேட்டு மாசம் ஒருத்தன் வாரான். காகிதத்துக்கு யாரு வந்தா?"

என்கிட்ட பதில் இல்லை. ஆச்சி சொன்னது உண்மை. தேக்குத் தூணுக்கும், நிலைக்கும், பெல்ஜியம் கண்ணாடிக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல கடை இருக்கு, விலை இருக்கு. அந்தத் தூணை வாங்கின காசு எப்படி வந்துச்சுன்னு சொல்ற பேரேட்டுக்கு, கிலோ கணக்குதான். யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தாங்க, எந்த பர்மிய விவசாயியோட நிலம் எந்த வருஷம் கை மாறுச்சு, கணக்கெழுதின அடுத்தாளுக்கு என்ன சம்பளம்... வீட்டுப் பெருமை மட்டுமில்ல, வீடு சொல்ல விரும்பாததும் அதுலதான் இருந்திருக்கும். தூண் எங்கே போனாலும் தூண்தான். பேரேடு அரைச்ச காகிதமாப் போனா, அவ்வளவு பேரும் சேர்ந்து போயிடறாங்க.

காகிதத்துக்காக வந்த ஒருத்தர் அதே பக்கத்துல இருந்தார்ங்கறதுதான் ஆச்சரியம். கோட்டையூர் ரோஜா முத்தையா! சென்னையில விளம்பரப் போர்டு எழுதினவர். பழைய புத்தகங்கள்ல ஆரம்பிச்சு, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் சேர்த்தார். 1992-ல் அவர் காலமானப்போ வீட்டுல இருந்தது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994-ல் சென்னையிலேயே 'ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்' உருவாக வழி பண்ணுச்சு. டிகிரி, கிராண்ட் எதுவும் கையில இல்லாத ஒரு தனி மனுஷன் பண்ணின வேலை இது.

நம்மகிட்ட பாக்கெட்லயே கேமரா இருக்கு. நமக்கு என்ன சாக்கு?

உங்க டர்ன்!

காரைக்குடிக்குத்தான் போகணும்னு இல்லை. உங்க ஊர்ல டூரிங் டாக்கீஸ் எங்கே இருந்துச்சு? டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், வாடகை சைக்கிள் கடை, எஸ்.டி.டி. பூத், கேசட்டுல பாட்டுப் பதிஞ்சு தந்த கடை..? பிரவுசிங் சென்டர்கள்கூட இப்போ அந்த லிஸ்ட்ல சேர்ந்துக்கிட்டு இருக்கு!

ரூல்ஸ் சிம்பிள். பர்மிஷன் இல்லாம போட்டோ எடுக்காதீங்க. எந்தப் பொருளையும் வீட்டுக்குக் கொண்டுவராதீங்க, எடுத்த இடத்துலேயே வைங்க. காகிதத்தை வெளிச்சத்துல வெச்சு, ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க. எந்த வீடு, எந்தத் தேதி, யார் சொன்னதுன்னு அன்னிக்கே எழுதிடுங்க. வீட்டுப் பெரியவங்களோட சமைச்சவங்க, கணக்கெழுதினவங்க, கட்டடம் கட்டினவங்க குடும்பத்தையும் கேளுங்க. போட்டோவுல ஒரு காப்பியை வீட்டுக்காரங்களுக்கே கொடுத்துட்டு, "எடைக்குப் போடறதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் போடுங்க"னு நம்பர் எழுதிக் கொடுத்துட்டு வாங்க.

அந்த ஆச்சி என் நம்பரைக் காலண்டர்ல எழுதி வெச்சிருக்காங்க. "பக்கத்து வீட்டுல இன்னும் ரெண்டு பெட்டி கெடக்கு தம்பி, தீவாளிக்கு அவுக வந்தாத்தான் தொறப்பாக"ன்னும் சொல்லியிருக்காங்க.

தீபாவளி லீவுக்கு நான் ரெடி. நீங்க?