வால்யூம் குதிக்கிறதா? போர்டு மேல் பழி போடாதீர்கள்!

வீட்டில் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினீயர் இருந்துவிட்டால் போதும், மிக்ஸி முதல் டிவி ரிமோட் வரை எல்லாம் அவன் தலையில்தான் விழும். சென்ற தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பா தன் டிஜிட்டல் ரேடியோவை நீட்டினார். வால்யூமைக் கூட்டினால் குறைகிறது. குறைத்தால் திடீரென்று அலறுகிறது. விடியற்காலையில் செய்தி கேட்டுப் பழகியவர், பக்கத்து வீட்டார் எழுந்துவிடுவார்களே என்று ரேடியோவைத் தொடுவதையே விட்டுவிட்டார். சர்வீஸ் கடையில், "போர்டு போச்சு சார், புதுசா வாங்கிடுங்க" என்றார்களாம். திறந்துகூடப் பார்க்கவில்லை.

நானும் பெரிய புத்திசாலித்தனம் காட்டிவிடவில்லை. சாஃப்ட்வேர் கோளாறு என்று முடிவுகட்டி, ரீசெட் செய்தே அரைநாள் ஓட்டினேன்.

பழைய ரேடியோவில் வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். குமிழ் இரு பக்கமும் முட்டி நிற்கும். தூசி சேர்ந்தால் கரகரக்கும். உங்கள் குமிழ் முடிவில்லாமல் சுற்றுகிறதா? விரலில் படிப்படியாகத் தட்டுப்படுகிறதா? அப்படியானால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ரோட்டரி என்கோடர். பாட்டுச் சத்தம் இதன் வழியே போவதே இல்லை. உள்ளே ஏ, பி என்று இரண்டு சின்ன சுவிட்சுகள். ஏ முதலில் மாறினால் கூட்டு, பி முதலில் மாறினால் குறை என்று சிப் எடுத்துக்கொள்கிறது. தொடுமுனையில் அழுக்குப் படிந்து ஒரு துடிப்பு விட்டுப்போனால் திசையே மாறிவிடும். பாவம், போர்டு தனக்கு வந்த கட்டளையைத்தான் நிறைவேற்றுகிறது!

பேட்டரியைக் கழற்றிவிட்டு, குமிழை நேராக இழுத்து எடுத்தேன். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைத் தண்டின் ஓரத்தில் கொஞ்சம் அடித்து, முப்பது முறை இருபக்கமும் சுற்றி, நன்றாக உலரவிட்டேன். சரியாகிவிட்டது. (கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெய் ஸ்ப்ரேயை அடித்துவிடாதீர்கள். பிசுக்கில் தூசி ஒட்டிக்கொள்ளும்.) நேரடியாக மின்சாரத்தில் ஓடும் செட் என்றால் வீட்டில் திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

இரண்டு மாதத்தில் கோளாறு திரும்பி வந்தது. தொடுமுனை தேய்ந்திருக்க வேண்டும். இந்த முறை ரிச்சி தெருவில் புது என்கோடர் வாங்கிப் பற்றவைத்தேன். விலை ஒரு காபி, டிபன் செலவுக்குள் அடங்கிவிட்டது. வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். கால்களின் அமைப்பு, தண்டின் நீளம், ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்பதெல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் ரேடியோ எதற்கு என்கிறீர்களா? பல மவுஸ்களின் உருளைக்குள் இருப்பதும் இதே என்கோடர்தான். கீழே உருட்டினால் பக்கம் மேலே துள்ளுகிறது என்றால் வைரஸ் என்று பயந்து விண்டோஸை அழித்து மீண்டும் ஏற்றாதீர்கள். வேறொரு மவுஸைச் செருகிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. கடைக்காரர் "போர்டு போச்சு" என்றால், "எந்தப் பாகம்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பதில் சொல்லத் தெரியாதவரிடம் பொருளை விட்டுவிட்டு வராதீர்கள்.

நான் வாங்கிய என்கோடரின் தண்டு கொஞ்சம் நீளம். குமிழ் இப்போது வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. பிடிக்க வசதியாக இருக்கிறது என்கிறார் அப்பா.