அடுப்படியும் கருவறையும்

சென்ற மாரியில் கிளிநொச்சிக்கு மேற்கே ஒரு வீட்டுக் குசினியில் அமர்ந்திருந்தேன். ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. ஊதுகுழலைப் பிடித்திருந்தவள் நிறைமாதக் கர்ப்பிணி. அப்பொழுது நினைவுக்கு வந்தன, அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் சுண்டெலிகள்.

2012இல் வெளியான அவ்வாய்வில், கருவுற்ற சுண்டெலிகள் கட்மியம் ஒட்சைட்டின் நனோத் துணிக்கைகளைச் சுவாசிக்க வைக்கப்பட்டன. நனோமீற்றரென்பது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. விளைவு யாது? கருவிலிருந்த குட்டிகள் நீளங் குறைந்தன. பிறந்தவையும் மெல்லவே வளர்ந்தன. கட்மியம் கொடிய நஞ்சு, விறகுப் புகை அதுவன்று; எலி வேறு, மனிதர் வேறு. ஆகவே அமைதியுறலாமென்றால், 2019இல் பெல்ஜிய அறிஞர் மானிடத் தாயரின் சூல்வித்தகத்திலேயே, அதுவும் சிசுவின் பக்கத்தில், கருங்கரித் துணிக்கைகளைக் கண்டுவிட்டனர்.

2022 டிசெம்பர் 9இல் மாசுற்ற காற்றுக்கு அஞ்சி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. நன்று. ஆனால் அவ்வாண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டால் மீண்டும் மூட்டப்பட்ட விறகடுப்புகளின் புகைக்கு எவர் அஞ்சினார்? வன்னியில் பலருக்கு அவ்வடுப்பு என்றுமே அணைந்ததில்லை. காடு அருகில், விறகுக்குக் காசு வேண்டாம், புகைபோக்கிக்குத்தான் வேண்டும். மருத்துவமாது கர்ப்பிணியின் நிறையைக் குறிக்கும் அட்டையில் அடுப்புக்கும் ஒரு வரி இருக்கட்டும் என்பேன். நான் இருந்த குசினிக்கு யன்னல் ஒன்றுண்டு. மழைக்கு அஞ்சி அதைச் சாக்கால் மூடியிருந்தனர்.