நடைபழகும் பிள்ளையோடு சென்னைப் பயணம்: யாருடைய வேகத்தில் நடப்பது?



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் ஊர்களிலிருந்து சென்னைக்குக் குடும்பத்தோடு புறப்படுவோர் பலர். ஒருவர் மருத்துவரைப் பார்க்கச் செல்வார்; இன்னொருவர் உறவினரின் நிக்காஹ்வுக்குச் செல்வார்; வேறொருவர் வெளிநாட்டிலிருந்து வரும் மகனையோ மருமகனையோ அழைத்துவரச் செல்வார். வந்த வேலை முடிந்ததும், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பிள்ளைகளுக்கு நாலு இடத்தைக் காட்டிவிட்டுப் போவோம்" என்ற எண்ணம் எழுகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால், அந்த நாலு இடங்களையும் ஒரே நாளில் காட்டிவிட முயலும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

காலையில் வண்டலூர், நண்பகலில் தியாகராய நகர், மாலையில் மெரினா, இரவில் பிரியாணிக் கடை. அஸர் நேரம் ஆவதற்குள் தாயின் இடுப்பில் இருக்கும் ஒன்றரை வயதுப் பிள்ளை வீறிட்டு அழத் தொடங்கிவிடும். "சரியான சேட்டைக்காரப் பிள்ளை" என்று பாட்டி சொல்வார். தந்தை முகம் சுளிப்பார். யாரேனும் ஒருவர் கைப்பேசியைப் பிள்ளையின் கையில் திணிப்பார். உண்மையில் அந்தப் பிள்ளை சேட்டை எதுவும் செய்யவில்லை. ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் உறக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேர உறக்கம் தேவை. அதை நாம் பறித்துவிட்டோம். தன் களைப்பைச் சொல்ல அதற்கு அழுகையைத் தவிர வேறு மொழி இல்லை.

இத்தகைய பயணத்தில் பிள்ளை அவதிப்படுகிறது. அதைச் சுமக்கும் தாய் எதையும் பார்த்து மகிழ்வதில்லை. பெரும்பாலும் ளுஹரும் அஸரும் தவறிப்போகின்றன. எனவே இதனை வெறும் சுற்றுலா விஷயமாகக் கருதி விட்டுவிட முடியாது. பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்த அமானிதத்தைப் பயணத்தில் எப்படிப் பேணுவது என்பதே இங்கு நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

பலவீனரைக் கவனிக்கும் சுன்னத்

உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்கள் தம் சமூகத்தாருக்குத் தொழுவிக்கும் பொறுப்பை வேண்டியபோது, அவர்களில் மிகப் பலவீனமானவரைக் கவனத்தில் கொண்டு தொழுவிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள் (அபூதாவூத், நஸாயீ). தொழுகையை நீட்டித் தொழ எண்ணி நின்ற நிலையிலும், குழந்தையின் அழுகுரல் கேட்டால் அதன் தாயின் மனத்தவிப்பை நினைத்துத் தொழுகையைச் சுருக்கிக்கொள்வதாக அவர்களே கூறியிருக்கிறார்கள் (புகாரி).

சிந்தித்துப் பாருங்கள். தொழுகையைவிடப் பெரிய அமல் எது? அந்தத் தொழுகையின் நீளமே ஒரு குழந்தையின் அழுகைக்காகக் குறைக்கப்பட்டது என்றால், மெரினாவையும் தியாகராய நகரையும் ஒரு குழந்தைக்காகக் குறைத்துக்கொள்ள நமக்கு என்ன தயக்கம்? ஒரு குடும்பம் பயணம் செய்யும்போது அதன் அமீர் தந்தையாக இருக்கலாம். ஆனால் பயணத்தின் வேகத்தை முடிவு செய்ய வேண்டியது அக்குடும்பத்தின் மிகச் சிறிய கால்கள்தாம்.

ஒரு நாளுக்கு ஓர் இடம்

என் கருத்தில், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை உடன் இருந்தால் ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். ஃபஜ்ருக்குப் பின் பிள்ளை விழித்து, பசியாறி, உற்சாகமாக இருக்கும் நேரத்தில் புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் தங்குமிடம் திரும்பிவிட வேண்டும். நண்பகல் உறங்குவதற்கு உரியது. கைலூலா எனும் பகல் உறக்கம் நம் மார்க்கம் விரும்பும் வழக்கமே. பிள்ளையோடு பெற்றோரும் சற்றுக் கண்ணயர்வார்கள். மாலையில் முடிந்தால் அருகில் ஒரு சிறு நடை.

எந்த இடம் என்பதையும் பிள்ளையின் கண் கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா சுமார் 602 ஹெக்டேர் பரப்புள்ளது. பெரியவர்களுக்கே கால் வலிக்கும் தூரம் அது. அங்குச் செல்வதாயின் அதை மட்டுமே அன்றைய திட்டமாக வைத்து, பேட்டரி வாகனத்தில் ஒரு பகுதியைப் பார்த்துத் திரும்பலாம். நகரத்துக்குள்ளேயே இருக்கும் கிண்டி சிறுவர் பூங்கா இந்த வயதினருக்கு இன்னும் பொருத்தமானது. மரநிழல் உண்டு, மான்களும் பறவைகளும் உண்டு, களைத்தால் விரைவில் வெளியே வந்துவிடலாம். கதீட்ரல் சாலையில் உள்ள செம்மொழிப் பூங்காவும் தத்தித் தத்தி நடக்கும் பிள்ளைக்கு ஏற்றது. மழை நாளாக இருந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் கைகொடுக்கும். 1851இல் தொடங்கப்பட்ட அதன் கூடங்கள் அனைத்தையும் பார்த்துத் தீர்க்க வேண்டியதில்லை. விலங்கியல் பகுதியையும் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டையும் காட்டினாலே பிள்ளையின் விழிகள் விரிந்துவிடும்.

மெரினாவுக்கு அஸருக்குப் பின் செல்வது நல்லது. மணல் அகலமாக இருப்பதால் தள்ளுவண்டி ஓடாது. தூக்கித்தான் செல்ல வேண்டும். அலைகளின் இழுப்பு வலிமையானது. பிள்ளையின் கால் நனைவதற்காகக்கூட கடலுக்கு மிக அருகில் செல்லக் கூடாது. மணலில் அமர்ந்து கையால் அளைந்து விளையாடுவதே அதற்குப் பேரின்பம். இரவு கவியும் வேளையில் பிள்ளைகளை வெளியே விடாமல் தடுத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்). சென்னையில் நவம்பர் இறுதியில் 5.40 அளவிலும் ஜூலைத் தொடக்கத்தில் 6.40 அளவிலும் சூரியன் மறைகிறது. அதைக் கணக்கிட்டு மஃரிபுக்கு முன்பே கரையேறிவிடுங்கள். திருவல்லிக்கேணியில் 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசல் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

கடைத்தெருவுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லவே வேண்டாம் என்பேன். பெருநாளுக்கு முந்தைய வாரங்களில் ரங்கநாதன் தெருவின் நெரிசலில் இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் பெரியவர்களின் கால்கள் மட்டுமே. இருவர் கடைக்குச் செல்லட்டும். மற்றவர் பிள்ளையோடு தங்குமிடத்தில் இருக்கட்டும். மருத்துவமனைக்கும் இதுவே பொருந்தும்.

"வருடத்தில் ஒருமுறைதான் வருகிறோம், இவ்வளவு செலவழித்துவிட்டு ஓரிடம் மட்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இடங்களின் எண்ணிக்கை நம் கணக்கு. பிள்ளைக்கு அந்தக் கணக்கு தெரியாது. மின்தூக்கியின் கதவு தானாகத் திறப்பதும், மெட்ரோ ரயில் சுரங்கத்திலிருந்து வெளியே வருவதும், பூங்காவில் ஓர் எறும்பு வரிசை ஊர்வதும் அதற்குப் புலிக்கு நிகரான அதிசயங்கள். அனஸ் (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு தம்பி அபூ உமைர், தான் விளையாடிய சிறு குருவியை இழந்தபோது, அந்தக் குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). ஒரு சமுதாயத்தின் தலைவருக்கு அந்தக் குருவி சிறியதாகத் தோன்றவில்லை. எறும்பின் அருகில் பத்து நிமிடம் நிற்கும் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடும் நாம் இதிலிருந்து படிப்பினை பெற வேண்டும்.

சொன்ன சொல்லும் விடுமுறை நாளும்

"வா, புலி பார்க்கப் போகலாம்" என்று சொல்லி அழைத்துச் சென்று, பூட்டிய வாயிலைக் காட்டித் திரும்பிய குடும்பங்கள் பல. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் அவ்வாறே. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆ நாளில் வேறு வேலை வைக்காமல் அருங்காட்சியகம் செல்லத் திட்டமிடும் நம்மவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இது சிறு தகவல்போலத் தோன்றும். ஆனால் ஒரு தாய் தம் மகனை "வா, தருகிறேன்" என்று அழைத்தபோது, என்ன கொடுக்க எண்ணினீர் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அத்தாய். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது ஒரு பொய்யாகப் பதிவாகியிருக்கும் என்று எச்சரித்தார்கள் (அபூதாவூத்). பிள்ளைக்கு வாக்களிப்பதற்கு முன் விடுமுறை நாளை விசாரித்துக்கொள்வதும் வாய்மையைப் பேணுவதில் சேரும்.

தொழுகையைத் திட்டத்தின் நடுவில் வையுங்கள்

சுமார் 80 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வருபவருக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின்படி, வந்த நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களுக்குக் குறைவாகத் தங்க எண்ணுபவர் நான்கு ரக்அத் தொழுகைகளை கஸ்ராகச் சுருக்கலாம். ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் ஜம்உச் செய்யலாம். ஹனஃபி மத்ஹபில் 15 நாட்களுக்குக் குறைவாகத் தங்குபவர் கஸ்ர் செய்வார். ஆனால் ஜம்உச் செய்வதில்லை. அவர்கள் ளுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் தொடக்க நேரத்திலும் தொழுதால் ஒரே இடைவேளையில் இரண்டையும் நிறைவேற்றிவிடலாம்.

நண்பகலில் தங்குமிடம் திரும்பும் பழக்கம் இங்கும் உதவுகிறது. பிள்ளை உறங்கும் நேரத்தில் தாயும் நிம்மதியாகத் தொழலாம். வெளியில் தொழ நேர்ந்தால், முதலில் பிள்ளையின் டயப்பரை மாற்றிவிடுங்கள்; அசுத்தத்தோடு இருக்கும் பிள்ளையைச் சுமந்து தொழுதால் தொழுகை நிறைவேறாது. சுத்தமான பிள்ளை என்றால் தயக்கமே வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தவாறே தொழுதிருக்கிறார்கள்; ஸஜ்தாவின்போது கீழே இறக்கி, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள் (புகாரி, முஸ்லிம்). கழற்றிய டயப்பரைப் பூங்காவின் புதரில் வீசாமல் பையில் கட்டி, குப்பைத் தொட்டியில் சேர்ப்பதும் ஈமானின் பகுதியான தூய்மையைச் சேர்ந்ததே.

சுமப்பது யார்?

உமாமாவின் செய்தியில் தந்தையருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. மனித குலத்தின் தலைவர், மக்கள் அனைவரும் பார்க்க, பெண் குழந்தையைத் தோளில் சுமந்தார்கள். நம்மில் சிலரோ கைகளை வீசி முன்னே நடக்க, மனைவி ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பையுமாகப் பின்னே ஓடிவருகிறார். பயணத்தில் பிள்ளையைத் தூக்குவது, டயப்பரை மாற்றுவது, சோறூட்டுவது ஆகியவற்றில் பாதியைத் தந்தை ஏற்க வேண்டும். அப்போதுதான் பிள்ளையின் தாயும் அந்தக் கடலை ஒருமுறை நின்று பார்ப்பார்.

கூட்டமுள்ள இடத்துக்குச் செல்லுமுன் பெற்றோரின் கைப்பேசி எண்ணை ஒரு தாளில் எழுதிப் பிள்ளையின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். பிள்ளை என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறது என்பது தெரிய, புறப்படும்போதே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காணாமல் போனால் 112 அல்லது குழந்தைகளுக்கான 1098 எண்ணை உடனே அழைக்கலாம். தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிய பின் வைக்கும் நம்பிக்கை என்பதை நாம் அறிவோம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாக, நகரப் பள்ளிவாசல்களின் பொறுப்பாளர்களிடம் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து வரும் பெண், கையில் பிள்ளையோடு, தொழ இடமின்றிப் பள்ளிவாசல் வாசலில் நிற்கிறார். கணவர் உள்ளே சென்று தொழுதுவிட்டு வருகிறார். அவரோ நேரம் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு ஆட்டோவில் அமர்ந்திருக்கிறார். சில பள்ளிவாசல்களில் பெண்களுக்கென நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ரயில் நிலையங்கள், பெரிய மருத்துவமனைகள், பூங்காக்கள் ஆகியவற்றுக்கு அருகில் உள்ள பள்ளிவாசல்களிலாவது தனி வாயிலும் ஒளூச் செய்யும் இடமும் கொண்ட ஒரு சிறிய அறையை ஒதுக்கினால், அது பயணிக்குச் செய்யும் பேருதவி. ஜும்ஆ வசூலில் ஒரு மாதத் தொகை இதற்குப் போதுமானதாக இருக்கலாம். பிள்ளை அழுதால் முறைத்துப் பார்க்கும் தொழுகையாளிகளுக்கு, அழுகை கேட்டுத் தொழுகையைச் சுருக்கிய நபியின் சுன்னத்தை இமாம்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பயணம் என்பது உணவையும் உறக்கத்தையும் தடுக்கும் ஒருவகை வேதனை என்றும், வந்த தேவை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நபிமொழி உணர்த்துகிறது (புகாரி, முஸ்லிம்). அந்த வேதனையில் பெரும்பங்கைக் குடும்பத்தின் மிகச் சிறியவர் மீது சுமத்தாதிருப்போமாக. அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடும்போது இடங்களின் பட்டியலை எழுதுவதற்கு முன் பிள்ளையின் உறக்க நேரத்தையும் தொழுகை நேரங்களையும் தாளில் எழுதுங்கள். எஞ்சிய இடைவெளியில் எந்த இடம் பொருந்துகிறதோ அதுவே அன்றைய பயணம்.

நம் பயணங்களை எளிதாக்கி, நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, பத்திரமாக வீடு திரும்பும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.