கடைசி முப்பது மீட்டர்

கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதைவிட வீட்டுக்கு பிராட்பேண்ட் பார்ப்பது கஷ்டம் சார். பெண் வீட்டிலாவது பஜ்ஜி தருவார்கள். இங்கே ஒரு நோட்டீஸ்தான் தருவார்கள். '100 எம்பிபிஎஸ் வரை!' அந்த 'வரை' இருக்கிறதே... 'மாப்பிள்ளை மாசம் லட்ச ரூபாய் வரை சம்பாதிப்பார்' என்று தரகர் சொல்கிற 'வரை'! பத்தாயிரமும் அதற்குள் அடக்கம்தானே?

என் வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டை. வேலை சிறுசேரி கம்பெனியில். ஆறு மாதமாக வீட்டிலிருந்தே வேலை. சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். அப்பாவுக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது. அம்மா இல்லை. ராத்திரியில் பக்கத்தில் ஆள் வேண்டும். நைட் ஷிப்டில் ஒரு காது அமெரிக்கக்காரனுக்கு, இன்னொரு காது அப்பாவின் இருமலுக்கு என்று பங்கு போட்டு வைத்திருந்தேன்.

பழைய கனெக்‌ஷன் (பெயர் வேண்டாம், பாவம்) ஒரே மாதத்தில் மூன்று முறை மீட்டிங் நடுவில் புட்டுக்கொண்டது. மூன்றாவது முறை, பதில் சொல்ல வாயைத் திறந்த நிலையில் திரையில் சிலையாகிவிட்டேனாம். பன்னிரண்டு பேர் என் கடைவாய்ப் பல்லை தரிசனம் செய்திருக்கிறார்கள். மறுநாள் மேனேஜர் அன்பாகத்தான் சொன்னார்: "இன்னொரு தரம் கட் ஆச்சுன்னா ஆபீஸுக்கே வந்துடுப்பா."

திருவொற்றியூர் எங்கே, சிறுசேரி எங்கே! ஊரின் வடகோடிக்கும் தென்கோடிக்கும் தினம் போய்வந்தால், அப்பாவுக்கு ராத்திரி மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது?

கம்பெனியை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

செல்போன் என்றால் சுலபம். 2011லிருந்து நாடு முழுக்க, நம்பர் மாறாமல் கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். பிராட்பேண்டுக்கு அந்தப் பேச்சே கிடையாது. புது ஒயர், புதுப் பெட்டி, சுவரில் புது ஓட்டை! ஒரு வாரம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கம்பெனிகளின் வேகத்தை ஒப்பிட்டேன். 1995 ஆகஸ்ட் 15ல் விஎஸ்என்எல் இந்தியாவில் இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது வேகம் 9.6 கிலோபிட். 2004ல் 256 கிலோபிட் இருந்தாலே அது 'பிராட்பேண்ட்' என்றது அரசாங்கம். 2023ல் அதை 2 மெகாபிட் ஆக்கினார்கள். நான் வாங்கப்போவதோ 100 மெகாபிட். 1995ஐப் போல பத்தாயிரம் மடங்கு! பெருமையோடு அப்பாவிடம் சொன்னேன்.

"வெளிநாட்டுலருந்து இது எப்பிடிடா வருது?" என்றார்.

"கடலுக்கு அடியில கேபிள்ப்பா. 2002லயே சிங்கப்பூர்லருந்து மெட்ராஸுக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல இழுத்துட்டாங்க. 2020ல இங்கேருந்து அந்தமானுக்கு 2,300 கிலோமீட்டர் போட்டாங்க. எல்லாம் நம்ம வங்காள விரிகுடாதான்."

அப்பா ஹார்பரில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். சிரித்தார்.

"கப்பல் சிங்கப்பூர்லருந்து சொன்ன தேதிக்கு வந்துடும்டா. கன்டெய்னர் ஹார்பர் கேட்டைத் தாண்டி வெளியே வர்றதுக்குத்தான் நாள் கணக்கா ஆவும். ஒனக்கு எங்க அறுந்துதுன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது.

புதுக் கம்பெனிக்குப் பணம் கட்டியாயிற்று. நோட்டீஸில் போட்ட விலை ஒன்று, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து வந்த பில் வேறொன்று! மறுநாள் காலை, கம்பெனி பெயர் போட்ட டீஷர்ட்டில் ஒரு பையன் ஏணியோடு வந்தான். முகத்தைப் பார்த்தேன். பழைய கம்பெனிக்காக மூன்று முறை ரிப்பேர் பார்த்த அதே பையன்!

"இன்னாண்ணா முழிக்கிற? இந்த ஏரியாவுல ரெண்டு கம்பெனிக்கும் லைன் பாக்குறது எங்க ஓனர்தான். டீஷர்ட்டுதான் வேற."

"அப்ப ஒயரு?"

"அதே கம்பத்துலருந்துதான் வரும்."

எனக்கு பகீரென்றது. வேலையைக் காப்பாற்றத்தான் கம்பெனியை மாற்றினேன். கடைசியில் மாறியது டீஷர்ட் மட்டும்தானா?

அப்பா மெதுவாக வாசலுக்கு வந்து பையனுக்கு டீ கொடுக்கச் சொன்னார். "ஏன் நைனா, மூணு தபாவும் எங்க அறுந்துச்சு?"

"ரோட்ட கிராஸ் பண்ற எடத்துல நைனா. ஒயரு தொங்குது, கன்டெய்னர் லாரி இழுத்துட்டுப் பூடுது. ஒரு தபா கம்பத்துப் பொட்டி. உப்புக்காத்துல மூடி துருப்புடிச்சு, மழத்தண்ணி எறங்கிடுச்சு."

கடலுக்கு அடியில் மூவாயிரம் கிலோமீட்டரை முழுசாகத் தாண்டி வந்தது, என் வீட்டுக்கு முப்பது மீட்டர் முன்னால் லாரியில் மாட்டிக்கொண்டிருக்கிறது! நான் கம்பெனிகளைத் தேடித் தேடி ஒப்பிட்டேன். கம்பத்தை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்பாவே வழியும் சொன்னார். ரோட்டைத் தாண்டாமல், பின் சந்துக் கம்பத்திலிருந்து பக்கத்து வீட்டு மொட்டை மாடி வழியாக இழுத்தால் லாரிக்கு வேலையில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "எங்க வீட்டுக்கும் சேத்துப் பாக்கச் சொல்லு" என்று சம்மதித்தார். கூடுதல் ஒயருக்குப் பணம் கேட்டான் பையன். கொடுத்தேன். பழைய லைனை ஒரு மாதம் விட்டு வைக்கச் சொன்னதும் அவன்தான்.

அனுபவப்பட்டவன் சொல்கிறேன், மாற்றப்போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். புது லைன் ஒரு மழையையாவது பார்க்கும்வரை பழையதை வெட்டாதீர்கள். வெட்டும்போது பெட்டியைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆட்டோபேயை மறக்காமல் நிறுத்துங்கள். வேகத்தை வைஃபையில் பார்த்துத் திட்டாதீர்கள், லேப்டாப்பில் ஒயரைச் செருகிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், கம்பெனி பெயரைக் கேட்கிற வாயால் "அறுந்தா யாருப்பா வருவாங்க?" என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

போன வாரம் ராத்திரி ரெண்டு மணி. மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தேன். வெளியே லாரிச் சத்தம். 'டப்'பென்று ஏதோ அறுந்தது. பழைய பெட்டியில் சிவப்பு விளக்கு.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல்: "பூட்ச்சாடா?"

"பழசுதான்ப்பா. புதுசு ஓடுது."

"அப்ப அந்த மாத்திரைய எடுத்துக் குடு."

"ஒரு நிமிஷம்" என்று அமெரிக்காவிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். இந்த முறை வாயை மூடிக்கொண்டுதான்!