கருப்பெலியின் இரத்தத்தில் வந்தது

அயல் விலங்கு ஒரு தீவில் கால்பதித்தால், அது எதைத் தின்னும் என்றே பெரும்பாலும் கவலைப்படுகிறோம்; எதைச் சுமந்துவந்தது என்று கேட்பதில்லை. 1899இல் 'ஹிந்துஸ்தான்' என்ற கப்பலிலிருந்து இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவில் கருப்பெலிகள் இறங்கின. பத்தாண்டுக்குள் அத்தீவுக்கே உரிய ஈரினத்து எலிகளும் அற்றுப்போயின. அருங்காட்சியக எலிகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து 2008இல் வெளியான முடிவு காரணத்தைச் சுட்டியது: தெள்ளுப்பூச்சி பரப்பும் டிரிப்பனோசோமா என்னும் இரத்த ஒட்டுண்ணி, கருப்பெலி வந்தபின் பிடிபட்ட உள்ளூர் எலிகளில் மட்டுமே இருந்தது.

அந்தமானிலும் கருப்பெலி உண்டு; அத்தீவுகளுக்கே உரிய எலியும் மூஞ்சூறும் உண்டு. ஆகவே அங்கே எலிகளை எண்ணுவதோடு நில்லாமல் அவற்றின் இரத்தத்தையும் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். இனம் அற்றபின் அருங்காட்சியகத்தில் கிடைக்கும் விடை அறிவுக்கு உதவும். அந்த உயிருக்கு உதவாது.