ஒரே கூரை சரி, அதன் கீழே யார் பேசுவது?



கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் என் தங்கை மகள் டென்டல் ஹைஜீனிஸ்டாக வேலை பார்ப்பது உறவினர்களுக்குத் தெரியும். போன வாரம் போனில், "பெரியம்மா, எங்க காலேஜையும் டாக்டருங்க காலேஜையும் ஒண்ணாக்கினது நல்லதுதானேன்னு கேக்குறாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல" என்றாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

அங்கே இந்தக் 'காலேஜ்' பாடம் நடத்துவதில்லை. தொழில் செய்ய உரிமம் கொடுப்பதும், நோயாளி புகார் கொடுத்தால் விசாரிப்பதும்தான் அதன் வேலை. பல் மருத்துவருக்கு ஒன்று. பல்லைச் சுத்தம் செய்து ஈறைப் பராமரிக்கும் ஹைஜீனிஸ்டுக்கு ஒன்று. லேபில் கிரௌன், பிரிட்ஜ் செய்யும் டெக்னீஷியனுக்கு ஒன்று. பல் செட் செய்து தானே நோயாளிக்குப் பொருத்தும் டென்சரிஸ்டுக்கு ஒன்று. 2022 செப்டம்பர் 1 அன்று இந்த நான்கும் ஒன்றாயின.

காரணம் இல்லாமல் இல்லை. பல் மருத்துவர் காலேஜின் செயல்பாட்டை ஆராய மாகாண அரசு 2018-ல் ஹாரி கேட்டன் என்பவரை நியமித்தது. 2019-ல் வந்த அவர் அறிக்கை, அமைப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும், நிர்வாகக் குழுவில் பாதி இடத்தைப் பொதுமக்களுக்குக் கொடுக்கவும் சொன்னது. நோயாளிக்கு இது நல்லதுதான். புகார் கொடுக்க வந்தவர் எந்தக் கதவைத் தட்டுவது என்று திண்டாட வேண்டாம்.

ஆனால் விசாரணை நடந்தது ஒரு காலேஜைப் பற்றி. பூட்டு விழுந்தது நான்குக்கும்!

அங்கே பெரும்பாலும் கிளினிக் பல் மருத்துவருடையது, ஹைஜீனிஸ்ட் அவரிடம் சம்பளம் வாங்குபவர். 1995 வரை ஹைஜீனிஸ்டுகள் பல் மருத்துவர் காலேஜின் கீழ்தான் இருந்தார்கள். அந்த ஆண்டுதான் தனி வீடு கிடைத்தது. அதன் பிறகும், பல் மருத்துவர் 365 நாளுக்குள் பார்த்திருந்தால்தான் ஹைஜீனிஸ்ட் அந்த நோயாளியைத் தொடலாம் என்ற விதி நீண்ட காலம் இருந்தது. இன்று முதலாளியும் ஊழியரும் மறுபடி ஒரே கூரையின் கீழ். டெக்னீஷியன்களும் டென்சரிஸ்டுகளும் சில நூறு பேர்தான். அந்தக் கூட்டத்தில் அவர்கள் குரல் யார் காதில் விழும்?

"தேர்தல் கிடையாது, தகுதி பார்த்து நியமிக்கிறோம், அதனால் பாரபட்சம் வராது" என்கிறார்கள். நியமிப்பவருக்கு அந்த வேலை தெரியுமா என்பதுதானே கேள்வி?

இணைப்பு என்றால் என்ன என்று பட்டயப் பயிற்சி முடித்த தொடக்கப் பள்ளி ஆசிரியையான எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தமிழ்நாட்டில் 2018-ல் தொடக்கக் கல்விக்கென்று இருந்த மாவட்ட அலுவலர் பதவியை எடுத்துவிட்டு, எல்லாப் பள்ளிகளையும் ஒரே நிர்வாகத்தில் சேர்த்தார்கள். 2022-ல் தொடக்கக் கல்விக்கு மீண்டும் தனி அலுவலர் வந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தேவை வேறு, பன்னிரண்டாம் வகுப்பின் தேவை வேறு என்பது புரிய நான்கு வருடம் ஆயிற்று.

அதனால் நான் பிரிக்கச் சொல்லவில்லை. இரண்டே இரண்டு கேட்கிறேன். ஒவ்வொரு தொழிலின் நெறிமுறையையும் அந்தத் தொழில் செய்பவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் குழு எழுதட்டும். ஹைஜீனிஸ்ட் மீது புகார் வந்தால் விசாரிக்கும் குழுவில் கட்டாயம் ஒரு ஹைஜீனிஸ்ட் இருக்கட்டும். இது நிர்வாகத்தின் நல்ல மனசை நம்பி இருக்கக் கூடாது. சட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். நல்ல மனசு மாறுதலாகிப் போய்விடும், எழுத்து நிற்கும்.

பல் மருத்துவர்களாக இருக்கும் என் மாணவர்களே, கோபம் வந்தால் கீழே எழுதுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் கருவி எடுத்துக் கொடுத்து நிற்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்