பரிசாக ஒரு மோட்டார் சைக்கிள்



1990 ஒக்டோபர் 30இல் எங்கள் முதல் ஹொண்டாவை முற்றத்திலேயே விட்டுவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறினோம். அங்கே இருந்தவர்கள் தடைக்காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினார்கள். 2022இல் கியூஆர் காட்டி வாரம் 4 லீற்றர் வாங்கினோம். மோட்டார் சைக்கிளின் அருமை எங்களுக்குத் தெரியும். தீவுப்பகுதியில் அது ஆடம்பரமில்லை. பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு கடந்து, குறிகட்டுவானில் நயினாதீவுப் படகைப் பிடிக்க அதுதான் எங்களுக்குக் கால்.

ஆனால் வெளிநாட்டிலிருக்கும் மாமாமாரே, சித்திமாரே, சாதாரண தரம் பாஸ் பண்ணின பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கக் காசு அனுப்பாதீர்கள். லைசென்ஸுக்கு 18 வயது ஆகவேண்டும். பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், பக்கக் காற்று. வேகத்தில் தடுமாறினால் ஒதுங்க இடமில்லை.

வகுப்பில் ஒரு கதிரை வெறுமையானதை நாங்கள் பார்த்திருக்கிறோம். மற்றப் பிள்ளைகள் அதில் இருக்கவேயில்லை.

18 வரை பொறுங்கள். முதலில் லைசென்ஸ், பிறகு ஹெல்மெட், அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள். இப்போதே ஏதாவது கொடுக்கத்தான் வேண்டுமென்றால், ஒரு லுமாலா சைக்கிள் போதும்.